சர்க்கரை 5.8: ஒரு மெடிக்கேர் வழக்கு

மறுப்புக் கடிதத்தில் காரணம் என்று இருந்தது இவ்வளவுதான்: இந்த மருந்து உடல் எடையைக் குறைப்பதற்காகக் கேட்கப்பட்டிருக்கிறது, எடைக்குறைப்பு மருந்துகள் மெடிக்கேர் பார்ட் டி திட்டத்தில் சட்டப்படி விலக்கப்பட்டவை. கேட்ட மருந்து ஓசெம்பிக். கேட்டவர் 2011-ஆம் ஆண்டிலிருந்து சர்க்கரை நோய்க்கு வைத்தியம் பார்த்துவரும் அறுபத்தொன்பது வயது ஓய்வுபெற்ற நர்ஸ். கடிதம் வந்தது 2024 பிப்ரவரியில்.

பெயர் வேண்டாம், அக்கா என்றே சொல்கிறேன். நாகர்கோவில் பக்கத்துக்காரர். நர்சிங் படித்து 1984-இல் அமெரிக்கா வந்தவர். நியூ ஜெர்சியில் ஒரு மருத்துவமனையில் ஓய்வு பெறும்வரை வேலை, பெரும்பாலும் இரவு ஷிப்ட். தமிழ்ச் சங்க விழாக்களில் யாருக்காவது மயக்கம் என்றால் முதலில் ஓடி வருகிறவர் அவர்தான். முதியோருக்கான காப்பீட்டு மேல்முறையீடுகளை நான் பார்ப்பது தெரிந்து, கணவரையும் அழைத்துக்கொண்டு அலுவலகத்துக்கு வந்தார். கையில் ஒரு பிளாஸ்டிக் கோப்பு.

"தம்பி, எனக்குச் சுகர் இல்லையாம். நாற்பது வருஷமா அடுத்தவங்களுக்குச் சுகர் பார்த்துக் குறிச்சவ நான். எனக்கு இருக்கா இல்லையான்னு எனக்குத் தெரியாதா?"

தமிழ்நாட்டு வாசகர்களுக்காகக் கொஞ்சம் பின்னணி. 65 வயது ஆனவர்களுக்கும், உடல் இயலாமையால் வேலை செய்ய முடியாத சிலருக்கும் அமெரிக்க மத்திய அரசு தரும் மருத்துவக் காப்பீடு மெடிக்கேர். 1965-இல் லிண்டன் ஜான்சன் கையெழுத்திட்டுச் சட்டமானது. மருத்துவமனைச் செலவும் டாக்டர் கட்டணமும் அன்றே உள்ளே வந்தன. மருந்துக்கடையில் வாங்கும் மருந்து உள்ளே வர 2003 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இளைய ஜார்ஜ் புஷ் அந்த டிசம்பரில் கையெழுத்திட்ட சட்டத்தின்படி 2006 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது பார்ட் டி. செலவில் பெரும்பங்கு அரசுடையது, நடத்துவது தனியார் காப்பீட்டு நிறுவனங்கள். ஒவ்வொரு நிறுவனத்துக்கும் தனி மருந்துப் பட்டியல், தனி முன்அனுமதி விதிகள். ஆண்டுதோறும் அக்டோபர் 15-லிருந்து டிசம்பர் 7 வரை திட்டத்தை மாற்றிக்கொள்ளலாம்.

எந்த மருந்து உள்ளே, எந்த மருந்து வெளியே என்பதை 2003-இல் சட்டம் எழுதியவர்கள் புதிதாக உட்கார்ந்து யோசிக்கவில்லை. ஏழைகளுக்கான மெடிக்கெய்டு திட்டத்துக்கு 1990-இல் எழுதிய ஒரு பட்டியலை எடுத்து இங்கே சேர்த்தார்கள். மெடிக்கெய்டில் அந்த மருந்துகளை மாநிலங்கள் விரும்பினால் விலக்கலாம் என்றுதான் இருந்தது. பார்ட் டி-யில் அவை கட்டாயமாக வெளியே. பட்டியலில் எடையைக் குறைக்கவோ கூட்டவோ தரும் மருந்து இருக்கிறது. அதன் அக்கம்பக்கத்தில் முடி வளரத் தரும் மருந்து, அழகுக்கான மருந்து, சாதாரண இருமல் சளி மருந்து. எடையை அவர்கள் எந்த வரிசையில் வைத்துப் பார்த்தார்கள் என்பது அந்தப் பக்கத்தைப் படித்தாலே தெரியும்.

அவர்களை முழுக்கக் குறை சொல்லவும் மாட்டேன். எடைக்குறைப்பு மாத்திரை என்றாலே அன்று பயம் இருந்தது. ஃபென்-ஃபென் என்று அழைக்கப்பட்ட கூட்டு மருந்தைச் சாப்பிட்டவர்களுக்கு இதய வால்வு கெட்டுப்போனது தெரியவந்து, அதிலிருந்த ஃபென்ஃப்ளூரமின் 1997-இல் சந்தையிலிருந்தே திரும்பப் பெறப்பட்டது. அது நடந்து ஆறு ஆண்டில் எழுதிய சட்டம் இது. உடல்பருமன் ஒரு நோய் என்று அமெரிக்க மருத்துவச் சங்கம் ஏற்றுக்கொண்டதே 2013-இல்தான்.

பிறகு வந்தது செமாக்ளூட்டைடு. டென்மார்க்கின் நோவோ நோர்டிஸ்க் நிறுவனம் செய்த மருந்து. வாரம் ஒரு ஊசி. இரண்டாம் வகைச் சர்க்கரை நோய்க்கு என்று 2017 டிசம்பரில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. அனுமதித்தபோது அதன் பெயர் ஓசெம்பிக். எடைக்குறைப்புக்கு என்று 2021 ஜூனில் அனுமதித்தபோது பெயர் விகோவி. உள்ளே இருப்பது ஒரே மருந்துதான், அளவுகளில் வித்தியாசம் உண்டு. ஓசெம்பிக்கை மெடிக்கேர் தரலாம். விகோவியை எடைக்காகக் கேட்டால் தரக்கூடாது. எடை குறைகிறது என்று ஊரெல்லாம் ஓசெம்பிக்கைக் கேட்க ஆரம்பித்ததும் காப்பீட்டு நிறுவனங்கள் விழித்துக்கொண்டு முன்அனுமதியை இறுக்கின. சர்க்கரை நோய் இருக்கிறது என்று காகிதத்தில் காட்டு, பிறகு தருகிறோம் என்றன. நியாயமான கேள்விதான். கேட்ட விதத்தில்தான் அக்கா மாட்டிக்கொண்டார்.

நடந்தது இது. அவரைப் பத்தாண்டுக்கு மேல் பார்த்துவந்த டாக்டர் ஓய்வு பெற்று கிளினிக்கை மூடிவிட்டார். அதே சமயம் அக்காவும் கணவரும் பிரீமியம் குறைவு என்று 2024 ஜனவரி முதல் வேறு பார்ட் டி திட்டத்துக்கு மாறினார்கள். புதுத் திட்டத்திடம் பழைய மருந்துக் கணக்கு எதுவும் இல்லை. புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு முதல் 90 நாளுக்குள் ஒரு மாத மருந்தைத் தற்காலிகமாகத் தர வேண்டும் என்ற விதியால் ஜனவரியில் ஊசி கிடைத்தது. அதற்குமேல் முன்அனுமதி வேண்டும். புது டாக்டரின் அலுவலகத்தில் யாரோ படிவத்தை நிரப்பினார்கள்.

அந்தப் படிவத்தை இன்றும் கண்ணுக்கு முன் கொண்டுவர முடிகிறது. நோய்க் குறியீடு என்ற கட்டத்தில் "இ-66.9" என்று தட்டச்சு செய்திருந்தது. உடல்பருமனுக்கான குறியீடு அது. இரண்டாம் வகைச் சர்க்கரை நோய்க்கு இ-11 என்று போட்டிருக்க வேண்டும். அதற்குக் கீழே "கடைசி ஏ1சி அளவு" என்ற இடத்தில் 5.8. "சிகிச்சையின் நோக்கம்" என்ற வரியில், எடைக் கட்டுப்பாடு. அக்காவைப் பார்த்த முதல் நாளில் புது டாக்டர் அவருடைய எடையைப் பற்றியும் பேசியிருக்கிறார். அது குறிப்பில் ஏறி, குறிப்பிலிருந்து படிவத்துக்கு வந்துவிட்டது.

ஏ1சி என்பது கடந்த இரண்டு மூன்று மாதத்தில் ரத்தத்தில் சர்க்கரை சராசரியாக எப்படி இருந்தது என்று காட்டும் சோதனை. 6.5-ம் அதற்கு மேலும் சர்க்கரை நோய். 5.7-லிருந்து 6.4 வரை நோய்க்கு முந்தைய நிலை. அக்காவின் 5.8 நோய் இல்லாதவர் எண்ணைப் போலத் தெரிந்தது. மருந்து வேலை செய்ததால் வந்த எண் அது. அந்த எண்ணைக் காட்டியே மருந்து மறுக்கப்பட்டது.

குறியீட்டைத் திருத்தி மறுபடி அனுப்பினால் போயிற்று என்று தோன்றும். அதைத்தான் முதலில் செய்தோம். டாக்டர் தானே கையெழுத்திட்டு இ-11 என்று மாற்றி அனுப்பினார். பதிலில், சர்க்கரை நோய் இருந்ததற்கான சோதனை முடிவு எதுவும் கோப்பில் இல்லை, கடைசி அளவு நோய் வரம்புக்குள் இல்லை என்று மறுத்துவிட்டார்கள். மறுப்பு வந்தபிறகு மாற்றிய குறியீட்டை அவர்கள் நம்பவில்லை. பழைய கிளினிக்கின் பதிவேடுகள் ஒரு சேமிப்புக் கிடங்கில் பெட்டிக்குள் இருந்தன. கேட்டு எழுதிய கடிதங்களுக்குப் பதில் இல்லை.

அப்போதுதான் டாக்டர் அலுவலகத்திலிருந்து ஒரு பெண் நல்லெண்ணத்தோடு ஒரு வழி சொன்னாராம். மூன்று மாதம் ஊசியை நிறுத்துங்கள், ஏ1சி தானாக ஏறிவிடும், அந்த ரிப்போர்ட்டோடு கேட்டால் ஒரே நாளில் அனுமதி வந்துவிடும். அக்கா இதை என்னிடம் சொன்னபோது அவர் குரலில் கோபம்கூட இல்லை, களைப்புதான் இருந்தது.

"கெடுத்துக்கிட்டு வந்தாத்தான் கொடுப்பாங்கன்னா, அது என்ன தம்பி வைத்தியம்?"

இந்த வழக்கு என் மனதில் தங்கியதற்குக் காரணமே இந்தக் கேள்விதான். ஒரு முதியவரிடம், உடம்பைக் கெடுத்துக்கொண்டு சான்று கொண்டுவா என்று வாயால் யாரும் சொல்வதில்லை. படிவத்தின் கட்டங்கள் அதைச் சொல்லவைத்துவிடுகின்றன. நிறுத்த வேண்டாம் என்றேன். அப்போது மாதம் 900 டாலருக்கு மேல் விலை. பிள்ளைகள் நாங்கள் கட்டுகிறோம் என்றார்கள். அக்காவுக்கு மனமில்லை. ஒவ்வொரு சம்பளச் சீட்டிலும் மெடிக்கேர் என்று பிடித்தார்களே, அது யாருக்கு என்றார். கடைசியில் கணவர் கெஞ்சிக் கேட்டபிறகு கைக்காசில் வாங்கச் சம்மதித்தார். ரசீதுகளைப் பத்திரமாக வைக்கச் சொன்னேன். அப்படி வாங்கியதில் ஒரு பாதகமும் உண்டு. ஏற்கெனவே வாங்கிவிட்ட மருந்துக்குப் பணம் திரும்பக் கேட்கும்போது அவசர விசாரணை கோர முடியாது.

மெடிக்கேரில் மேல்முறையீடு பல படிகள் கொண்டது. முதலில் அதே காப்பீட்டு நிறுவனத்திடம் மறுபரிசீலனை. அடுத்து அரசு நியமித்த சுதந்திரமான ஆய்வு அமைப்பு. இந்த இரண்டும் காகிதத்திலேயே முடிந்துவிடும், நோயாளியின் குரலை யாரும் கேட்பதில்லை. மூன்றாவது படியில்தான் நிர்வாகச் சட்ட நீதிபதி. அங்கே போக வழக்கின் மதிப்பு அந்த ஆண்டுக் கணக்கில் குறைந்தது 180 டாலர் இருக்க வேண்டும். அதற்கும் மேலே மெடிக்கேர் மேல்முறையீட்டுக் குழு, பிறகு கூட்டாட்சி மாவட்ட நீதிமன்றம். முதல் இரண்டு படியிலும் தோற்றோம். ஆய்வு அமைப்பின் முடிவிலும் அதே 5.8, அதே "எடைக் கட்டுப்பாடு". பலர் இந்த இடத்தில் விட்டுவிடுகிறார்கள். அரசாங்கமே சொல்லிவிட்டது, இனி என்ன என்று நினைக்கிறார்கள். உண்மையில் ஒரு மனிதர் காது கொடுத்துக் கேட்பது அடுத்த படியில்தான்.

நான் சாட்சியங்களைத் தேட ஆரம்பித்தேன். பழைய மருந்துக்கடையிடம் அக்காவின் மருந்து வரலாற்றைக் கேட்டு வாங்கினோம். அச்சிட்ட தாள்களில் 2011-லிருந்து மெட்ஃபார்மின். 2014-லிருந்து கிளிபிசைடு. மெட்ஃபார்மினைச் சர்க்கரை நோய்க்கு முந்தைய நிலையிலும் சில டாக்டர்கள் தருவார்கள், அதனால் அது மட்டும் போதாது. கிளிபிசைடு அப்படியல்ல. கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்கவைக்கும் மருந்து, சர்க்கரை நோயைத் தவிர வேறு எதற்கும் தரமாட்டார்கள். போதாததற்கு அது எடையைக் கூட்டக்கூடியது. எடையைக் குறைக்க வந்தவருக்கு எடை ஏற்றும் மருந்தை ஆண்டுக்கணக்கில் யார் எழுதிக்கொடுப்பார்கள் என்று மனுவில் கேட்டேன்.

அக்காவின் கோப்பில் ஒரு நீள நோட்டும் இருந்தது. நர்ஸின் கையெழுத்து, ஒரு அடித்தல் திருத்தல் இல்லை. இடது ஓரத்தில் தேதி, அடுத்து வெறும் வயிற்றில், சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து, கடைசிப் பத்தியில் என்ன சாப்பிட்டார் என்பது: "3 இட்லி, சாம்பார்", "கப்பை, மீன் குழம்பு, கொஞ்சம்". 2016-இல் ஒரு இரவுக்கு எதிரே சிவப்பு மையில் 52 என்று எழுதி அடிக்கோடு. வார்டில் டியூட்டியில் இருந்தபோது கிளிபிசைடால் சர்க்கரை தாழ்ந்து கை நடுங்கி உட்கார்ந்துவிட்டார், கூட வேலை பார்த்த பெண் ஆரஞ்சுச் சாறு கொடுத்தாள் என்று அந்தப் பக்கத்தைக் காட்டிச் சொன்னார். அதன்பிறகுதான் அவருடைய பழைய டாக்டர் மருந்துகளை மாற்றத் தொடங்கி, 2019-இல் ஓசெம்பிக்குக்கு வந்து சேர்ந்தார்.

வழக்கைத் திருப்பிய சாட்சியம் தற்செயலாகக் கிடைத்தது. ஒரு நாள் அவர்கள் இருவரும் என் அலுவலகத்திலிருந்து கிளம்பும்போது கணவர், "சீக்கிரம் வா, உன் கண் டாக்டர் அப்பாயின்ட்மென்ட் இருக்கு" என்றார். எந்தக் கண் டாக்டர் என்று நிறுத்திக் கேட்டேன். சர்க்கரை நோயாளிகள் ஆண்டுக்கு ஒருமுறை விழித்திரையைப் பரிசோதிக்க வேண்டும் என்பது அவருக்கு நர்ஸாக மனப்பாடம், தவறாமல் போய்க்கொண்டிருந்தார். அந்தக் கண் மருத்துவமனையின் 2022 அறிக்கையில், இரண்டு கண்ணிலும் சர்க்கரை நோயால் வந்த ஆரம்பநிலை விழித்திரைப் பாதிப்பு என்று எழுதி, படமும் இணைத்திருந்தது. ஏ1சி சோதனைக்கு மூன்று மாதம்தான் நினைவிருக்கும். விழித்திரையின் மெல்லிய ரத்தக்குழாய்கள் பல ஆண்டுச் சர்க்கரையின் தழும்பை வைத்திருக்கும். அந்த அறிக்கை மறுப்புக் கடிதத்துக்கு முந்தைய தேதியிட்டது என்பதால் சட்டப்படியும் தடையில்லை.

விசாரணை ஜூலையில், தொலைபேசியில். இந்த விசாரணைகள் பெரும்பாலும் அப்படித்தான். நீதிபதி வேறொரு மாநிலத்தில், காப்பீட்டு நிறுவனத்தின் மருத்துவ இயக்குநர் இன்னொரு ஊரில். அக்கா என் அலுவலகத்தில் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்திருந்தார். யாரும் பார்க்கப்போவதில்லை என்று தெரிந்தும் கட்டியிருந்தார். சத்தியப்பிரமாணம் எடுக்கச் சொன்னபோது எழுந்து நின்றார்.

நீதிபதி முதலில் அவரிடமே கேட்டார். நோய் எப்போது தெரிந்தது, என்னென்ன மருந்து சாப்பிட்டீர்கள். அக்கா ஷிப்ட் முடிந்து அடுத்த நர்ஸிடம் நோயாளியை ஒப்படைப்பதுபோல ஆண்டு, மருந்து, அளவு, பக்கவிளைவு என்று வரிசையாகச் சொன்னார். இடையில் ஒரு வார்த்தை நான் பேசத் தேவைப்படவில்லை. 2016-ஆம் ஆண்டுக் குறிப்பைப் பற்றி நீதிபதி தானாகவே கேட்டார். நோட்டை முழுக்கப் படித்திருக்கிறார் என்று அப்போது புரிந்தது.

இந்த விசாரணையில் எதிர்த்தரப்பை நான் கூண்டில் ஏற்றிக் குறுக்கு விசாரணை செய்ய முடியாது. காப்பீட்டு நிறுவனம் விளக்கம் தரத்தான் வரும். அதனால் கேட்க வேண்டியதை எல்லாம் மனுவில் எழுதி வைத்திருந்தேன். அதில் முக்கியமானது ஒன்று. சர்க்கரை நோய் தணிந்துவிட்டது என்று எப்போது சொல்லலாம் என்பதற்கு அமெரிக்க நீரிழிவுச் சங்கமும் ஐரோப்பிய, பிரிட்டிஷ் அமைப்புகளும் சேர்ந்து 2021-இல் ஒரு வரையறை தந்திருக்கின்றன. சர்க்கரை மருந்துகளை நிறுத்தி, குறைந்தது மூன்று மாதம் கழித்தும் ஏ1சி 6.5-க்குக் கீழே இருந்தால்தான் தணிந்ததாகக் கொள்ள வேண்டும். நீதிபதி அதை எடுத்து மருத்துவ இயக்குநரிடம் கேட்டார்.

"இந்த வரையறையை ஏற்கிறீர்களா, டாக்டர்?"

"ஏற்கிறேன்."

"இவர் மருந்தை நிறுத்தியதாகக் கோப்பில் எங்காவது இருக்கிறதா?"

"இல்லை."

"அப்படியானால் 5.8 எதைக் காட்டுகிறது?"

கொஞ்சம் தாமதித்து, "மருந்தால் கட்டுப்பாட்டில் இருக்கும் நோயைக் காட்டலாம்" என்றார் அவர். நேர்மையான பதில். அந்த டாக்டரை நான் இன்றும் மதிக்கிறேன். எடை விஷயத்தையும் நீதிபதி விடவில்லை. எடையும் குறைந்ததுதானே என்று அக்காவிடம் கேட்டார். "குறைந்தது, சந்தோஷம்தான். சர்க்கரைக்காகச் சாப்பிடுகிற மருந்தில் எடையும் குறைந்தால் அது குற்றமா?" என்று அக்கா கேட்க, நீதிபதி அடுத்த கேள்விக்குப் போய்விட்டார்.

ஆகஸ்டில் தீர்ப்பு வந்தது. முழுக்க எங்கள் பக்கம். சட்டம் கேட்பது மருந்து எதற்காகப் பயன்படுகிறது என்பதை, நோயாளியின் கடைசி ரத்தச் சோதனை எண்ணை அல்ல என்று நீதிபதி எழுதியிருந்தார். மருந்து வரலாறும் விழித்திரை அறிக்கையும் இரண்டாம் வகைச் சர்க்கரை நோயை நிலைநாட்டுகின்றன, அந்த நோய்க்கு எஃப்.டி.ஏ. அனுமதித்த மருந்தைத்தான் கேட்டிருக்கிறார், எடைக்குறைப்பு விலக்கு இங்கே பொருந்தாது. இப்படி முடிவு வந்தால் 72 மணி நேரத்துக்குள் மருந்துக்கு வழிசெய்ய வேண்டும், கைக்காசு போட்டதை 30 நாளுக்குள் திருப்ப வேண்டும். இரண்டும் நடந்தன.

கணவரின் கதையை இதோடு சேர்த்துச் சொல்லாமல் விட்டால் பாதி உண்மைதான் சொன்னதாகும். ஓய்வுபெற்ற இன்ஜினியர், நான் சார் என்றுதான் கூப்பிடுவேன். அவருக்குச் சர்க்கரை நோய் இல்லை. உயரத்தோடு எடையை ஒப்பிடும் பி.எம்.ஐ. அளவு 36. முழங்கால் இரண்டும் போய்விட்டன. தூக்கத்தில் மூச்சு அடைபடும் நோய் இருப்பதால் இரவில் முகத்தில் சிபாப் கருவியை மாட்டிக்கொண்டு படுக்கிறார். மனைவிக்கு ஊசி இவ்வளவு நன்மை செய்ததைப் பக்கத்திலிருந்து பார்த்தவர், எனக்கும் கேட்டுப் பாருங்களேன் என்றார்.

அந்த ஆண்டு மார்ச்சில்தான் விகோவிக்கு ஒரு புது அனுமதி கிடைத்திருந்தது. 17,604 பேரை வைத்துச் செய்த ஆய்வில், ஏற்கெனவே இதயநோய் உள்ள, எடை கூடிய, சர்க்கரை நோய் இல்லாதவர்களுக்கு மாரடைப்பு, பக்கவாதம், இதயநோய் மரணம் ஆகியவை சேர்ந்து 20 சதவீதம் குறைந்தது தெரியவந்தது. அதை வைத்து எஃப்.டி.ஏ. இதயப் பாதுகாப்புக்கும் அந்த மருந்தை அனுமதித்தது. அந்தக் காரணத்துக்காக என்றால் பார்ட் டி தரலாம் என்று மெடிக்கேர் நிர்வாகமும் அதே மாதம் அறிவித்தது. சாருக்கு மாரடைப்போ பக்கவாதமோ வந்ததில்லை. அதனால் அந்தக் கதவும் திறக்காது என்று சொன்னேன்.

"அப்போ எனக்கு ஒரு அட்டாக் வந்தா மருந்து கொடுப்பாங்க. வராம இருக்கறதுக்குக் கொடுக்க மாட்டாங்க. அப்படித்தானே?"

அப்படித்தான். சட்டம் எழுதியிருப்பதை நீதிபதியால் மாற்ற முடியாது, எவ்வளவு பெரிய கோப்பைத் தூக்கிக்கொண்டு போனாலும் பயனில்லை. இதே மெடிக்கேர் அவருக்கு இரைப்பையைச் சுருக்கும் அறுவை சிகிச்சைக்குப் பணம் தரத் தயார். பி.எம்.ஐ. 35 அல்லது அதற்கு மேல் இருந்து, எடையால் வந்த வேறு நோயும் இருந்தால் 2006-லிருந்தே அது அனுமதிக்கப்பட்டது. எழுபது வயதைத் தாண்டியவரிடம் வயிற்றை வெட்டிக்கொள்ளலாம், ஊசி போட்டுக்கொள்ளக் கூடாது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

2024 டிசம்பர் 20-ஆம் தேதி எஃப்.டி.ஏ. இன்னொரு முடிவெடுத்தது. எலி லில்லி நிறுவனத்தின் டிர்செபடைடு, எடைக்காக விற்கும்போது செப்பௌண்ட் என்று பெயர், உடல்பருமன் உள்ளவர்களின் மிதமான அல்லது தீவிரமான தூக்க மூச்சடைப்பு நோய்க்கும் தரலாம் என்றது. அந்த நோய்க்காக என்றால் பார்ட் டி தரலாம் என்று மெடிக்கேரும் சொன்னது. சாரின் பழைய தூக்கப் பரிசோதனை அறிக்கையை எடுத்துப் பார்த்தோம். மணிக்கு 31 முறை மூச்சு தடைப்படுகிறது, தீவிர நிலை. அவருடைய திட்டம் முன்அனுமதி கேட்டது, அறிக்கையோடு அனுப்பினோம், 2025 வசந்தத்தில் கிடைத்தது. அவர் உடம்பில் எதுவும் மாறவில்லை. அதே எடை, அதே முழங்கால், அதே மூச்சடைப்பு. மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைக்கும் தாளில் ஒரு பத்தி கூடியது.

அந்தப் பத்திக்குள் அடங்காதவர்கள் நிறையப் பேர். எடை இருக்கும், முட்டி வலி இருக்கும், நடக்க முடியாது, சர்க்கரை இன்னும் வரவில்லை, இதயம் இன்னும் அடைக்கவில்லை. அவர்களுக்கு நான் சொல்லக்கூடிய பதில் இன்றும் குறைவு.

செலவை நான் அலட்சியம் செய்யவில்லை. எடைக்குறைப்பு மருந்துகளைப் பார்ட் டி-யில் சேர்த்தால் 2026 முதல் 2034 வரை சுமார் 3,500 கோடி டாலர் கூடுதலாகும் என்று நாடாளுமன்றத்தின் வரவுசெலவு அலுவலகம் 2024 அக்டோபரில் கணக்கிட்டது. வட கரோலைனா மாநில அரசு ஊழியர் காப்பீட்டுத் திட்டம், தாங்க முடியவில்லை என்று 2024 ஏப்ரல் 1 முதல் எடைக்காகத் தரும் இந்த மருந்துகளை நிறுத்தியது. விலை அதிகம் என்றால் விலையைப் பேசிக் குறைக்க வேண்டும், யாருக்கு முதலில் என்று மருத்துவக் காரணத்தோடு வரிசை போட வேண்டும். முடி வளர்க்கும் மருந்தோடு சேர்த்து விலக்கி வைத்துவிட்டு, இது நோயே இல்லை என்று நடந்துகொள்வது வைத்தியமும் அல்ல, சிக்கனமும் அல்ல. முன்பு இதே பட்டியலில் இருந்த பென்சோடயசெபின் என்னும் பதற்ற நோய் மருந்துகளை நாடாளுமன்றம் சட்டம் திருத்தி 2013 முதல் உள்ளே எடுத்துக்கொண்டது. மனமிருந்தால் முடியும் என்பதற்கு அந்தச் சட்டப் பக்கமே சாட்சி. உடல்பருமன் மருந்துகளுக்காக ஒரு மசோதா பத்தாண்டுக்கு மேலாக மறுபடி மறுபடி கொண்டுவரப்படுகிறது, நிறைவேறவில்லை. சட்டத்தைத் தொடாமல் விளக்கத்தை மாற்றி உள்ளே கொண்டுவர பைடன் அரசு 2024 நவம்பரில் ஒரு விதியை முன்மொழிந்தது. டிரம்ப் அரசு 2025 ஏப்ரலில் அதை இறுதி செய்யாமல் விட்டது. பிறகு 2025 நவம்பரில் அதே அரசு இரண்டு மருந்து நிறுவனங்களோடும் பேசி, 2026-இன் நடுவிலிருந்து மெடிக்கேர் மாதம் 245 டாலருக்கு வாங்கும், தகுதியுள்ள நோயாளி 50 டாலர் கொடுத்தால் போதும் என்று அறிவித்தது. வரவேற்கிறேன். அறிவிப்பைத் திரும்பப் பெற ஒரு அறிவிப்பு போதும் என்பதையும் மறக்கவில்லை. 2003 சட்டத்தின் அந்த வரி அப்படியேதான் இருக்கிறது. அதை நீக்கும்படி உங்கள் தொகுதி உறுப்பினருக்கு எழுதுங்கள். வாக்குரிமை உள்ள தமிழர்கள் நியூ ஜெர்சியிலும் டெக்சாசிலும் கலிஃபோர்னியாவிலும் ஏராளமாக இருக்கிறோம்.

கடைசியாக, மெடிக்கேரில் இருக்கும் அப்பா அம்மா உள்ளவர்களுக்கு. டாக்டர் அலுவலகம் அனுப்பும் முன்அனுமதிப் படிவத்தின் நகலைக் கேட்டு வாங்கி, நோய்க் குறியீட்டை நீங்களே பாருங்கள். சர்க்கரை நோய் முதலில் தெரிந்தபோது எடுத்த ரத்தச் சோதனை முடிவையும், ஆண்டுக் கண் பரிசோதனை அறிக்கையையும், மருந்துக்கடை வரலாற்றையும் ஒரே இடத்தில் வையுங்கள். டாக்டர் ஓய்வு பெறப்போகிறார் என்று தெரிந்தால் அதற்கு முன்பே பதிவேட்டை வாங்கிவிடுங்கள். மறுப்பு வந்தால் அதற்காக மருந்தை நிறுத்தச் சொல்லாதீர்கள். மேல்முறையீட்டுக்கு வக்கீல் கட்டாயமில்லை. சி.எம்.எஸ்-1696 என்ற படிவத்தில் அவர்கள் கையெழுத்திட்டுக் கொடுத்தால் மகனோ மகளோ அவர்களுக்காக வாதாடலாம். ஒவ்வொரு மாநிலத்திலும் ஷிப் என்ற இலவச ஆலோசனை சேவையும் இருக்கிறது. முதல் மேல்முறையீட்டுக்குக் கெடு, 2025 முதல், மறுப்புக் கடிதத்தின் தேதியிலிருந்து 65 நாள்.